பின்னிருக்கையில் உட்கார்ந்தவர்

‘இரண்டு மனுக்களிலும் முதல் மனுதாரரான ரெஜினா, வயது நாற்பத்து மூன்று, இல்லத்தரசி. வருமானம் ஏதும் இல்லாதவர். கணவரின் சம்பாத்தியத்தை மட்டுமே சார்ந்து வாழ்ந்தவர். மோட்டார் வாகனம் ஓட்டத் தெரியாதவர். விபத்து நடந்த தினத்தன்று, காலஞ்சென்ற தம் கணவர் சின்னராசு ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் அமர்ந்து பயணம் செய்தவர்.’

செங்கல்பட்டில் விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் கணவன் சாவுக்கு ஒன்று, அவள் காலுக்கு ஒன்று என்று தாக்கலான மனுக்கள் ரெஜினாவைப் பற்றி இப்படிச் சொல்லின. இதில் பெயர் சரி. வயதும் ஏறக்குறைய சரி.

இல்லத்தரசி என்று சொல்லப்பட்டவள், மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் ஒரு சொகுசு விடுதியில் அறை துடைக்கும் பெண்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தாள். விடிந்ததும் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவாள். தன் இல்லத்தில் அவள் அரசியாக இருந்தது பெரும்பாலும் தூங்கும் நேரத்தில். ஆனால் அவளுக்குச் சம்பளம் கொடுத்தது விடுதி இல்லை, ஆள் பிடித்துத் தரும் ஒரு கான்டிராக்டர். அவர் கையில் கொடுப்பார், சீட்டு கொடுக்கமாட்டார். சீட்டு இல்லாத சம்பளம் கோர்ட்டில் சம்பளம் ஆகாது. ஆகவே அவளுடைய வக்கீல் அவளை இல்லத்தரசி ஆக்கினார்.

கணவரின் சம்பாத்தியமும் அப்படித்தான். சின்னராசு கட்டடங்களுக்குக் கம்பி கட்டுகிறவன். மழைக்காலத்தில் வேலை இல்லை, மணல் கிடைக்காத காலத்தில் இல்லை, மேஸ்திரியோடு சண்டை போட்ட காலத்திலும் இல்லை. மிச்சமிருந்த காலத்தில் சம்பாதித்தான். அதில் ஒரு பங்கு டாஸ்மாக் கடைக்குப் போனது. யார் யாரைச் சார்ந்திருந்தார்கள் என்று புதுப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் காலனியில் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஆனால் வண்டி ஓட்டத் தெரியாதவள் என்ற வரிக்குக் காலனியே சாட்சி சொல்லியிருக்கும். அதுதான் இருப்பதிலேயே பெரிய பொய்.

சின்னராசுவுக்கு ஜான்சன் என்று ஒரு கூட்டாளி இருந்தான். ஒரு பொங்கலன்று ஜான்சன் குடித்துவிட்டு வண்டியெடுத்துப் போய், முகத்துவாரப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதிச் செத்தான். அடக்கம் முடிந்து வந்த சின்னராசு குடியை விடவில்லை. வண்டியை விட்டான். குடித்தால் வண்டியைத் தொடுவதில்லை என்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டான்.

“குடிய வுட்டிருக்கலாமே?” என்று ரெஜினா கேட்டாள்.

“ரெண்டுல ஒண்ணதான் வுட முடியும். ரெண்டையும் வுட்டா மனுசன் இன்னாத்துக்கு உயிரோட கீறது?” என்றான்.

சட்டம் போட்டவனுக்கு அதை நிறைவேற்ற ஆள் வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருந்த மண் தடத்தில் ரெஜினாவுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தான். பெண்கள் ஓட்டுகிற ஸ்கூட்டி இல்லை. கியர் வைத்த பைக். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் முன்னால், அவன் பின்னால். “கிளட்ச்ச மெல்ல வுடு. கோழிக்குஞ்ச புடிச்சிகினு கீறாப்பல. அடிப்பாவி, குஞ்சு செத்துப்போச்சு!” வண்டி துள்ளி நிற்கும். இருவரும் சவுக்கு மிலாறுகளின் மேல் விழுவார்கள். சில வாரங்களில் குஞ்சு பிழைத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வந்தது. உறவுக்காரர் வீட்டு விசேஷம் எதற்குப் போனாலும் சாப்பாடு முடிந்து, பந்தலுக்குப் பின்னால் ஆண்கள் கூடும் நேரத்தில், சின்னராசு வண்டிச் சாவியை எடுத்து எல்லாரும் பார்க்க ரெஜினாவிடம் நீட்டுவான். அவள் முந்தானையில் முடிந்துகொள்வாள். சாவி முடிச்சில் ஏறிய பிறகுதான் அவன் பாட்டில் மூடியைத் திருகுவான். கோயிலில் பூசாரி கற்பூரத் தட்டைக் கொடுப்பதுபோல அத்தனை மரியாதையாக அந்தச் சாவியைக் கொடுப்பான்.

திரும்பும்போது ரெஜினா ஓட்டுவாள். அவளைப்போல மெதுவாக ஓட்டுகிறவர் அந்தச் சாலையில் கிடையாது. வாத்து மேய்க்கிறவர்கள்கூட முந்திப் போயிருக்கிறார்கள். தலைக்கவசம் ஒன்றுதான் இருந்தது. ஓட்டுகிறவர் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவனுடைய சட்டத்தின் இன்னொரு பிரிவு.

ஆனால் சின்னராசு ஆம்பளை. காலனிக்குள் பொண்டாட்டி ஓட்ட, பின்னால் உட்கார்ந்து வர அவனால் முடியவில்லை. அவனுடைய அம்மா சந்திரம்மா அதே வீட்டில் இருந்தாள்; வெளியூர் விசேஷங்களுக்கு அவள் போவதில்லை. மகன் குடிப்பதே அவளுக்குத் தெரியாது என்று அவன் நம்பினான். உண்மையிலேயே அவளுக்குத் தெரியாது. ஆகவே காலனி முனையில் இருவரும் இறங்குவார்கள். ரெஜினா தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வாள். அவன் வண்டியில் ஏறமாட்டான், சட்டம் இருக்கிறதே! எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டே வீடு வரைக்கும் வருவான்.

“இன்னாடா, இன்னிக்கும் பெட்ரோல் தீந்துபோச்சா?” என்று வாசலிலிருந்து சந்திரம்மா கேட்பாள்.

“ஆமாம்மா. பங்க்குல கூட்டம்.”

“சின்னராசு வண்டிக்கு எப்பவும் பெட்ரோலு இருக்காது” என்பது காலனியில் நெடுநாள் ஓடிய கேலி. டேங்க் நிறையப் பெட்ரோலோடு அவன் அந்தக் கேலியைத் தாங்கிக்கொண்டான். ஹெலனும் அதை நம்பினாள். ஹெலன் அவர்களுடைய மகள்; படூரில் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரே வண்டியில் மூன்று பேர் போகக்கூடாது என்று அப்பா சொல்வதால் அவள் எங்கேயும் பஸ்ஸில்தான் போய் வந்தாள்; விசேஷங்களில் சாவி கைமாறும் முன்பே கிளம்பிவிடுவாள்.

ரெஜினா சட்டப்படி ஓட்டுநராகவும் முயன்று பார்த்தாள். பழகுநர் உரிமம் வாங்கினாள். பிறகு, யாருக்கும் சொல்லாமல், எட்டுப் போட்டுக் காட்டப் போனாள். அங்கே காலைத் தரையில் ஊன்றாமல் எட்டு வடிவத்தில் ஓட்ட வேண்டும். அவள் ஓட்டிய வேகத்துக்கு வண்டி நிற்கத்தான் பார்க்கும். கால் ஊன்றினாள். “இவ்ளோ ஸ்லோவா போனா எப்படிம்மா? ரோட்டுல எவனாவது வந்து இடிச்சிருவான்” என்று அதிகாரி சொல்லி அனுப்பினார். மறுபடி போக நாள் வாய்க்கவில்லை, பழகுநர் உரிமமும் காலாவதியாகிவிட்டது. வேகமாக ஓட்டவில்லை என்பதற்காக உரிமம் கிடைக்காத குடும்பத்தைப் பற்றித்தான் பிற்பாடு அதிவேகம் என்று எழுதினார்கள்.

அது சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு காதுகுத்து. சின்னராசுவின் தம்பி கலைவாணனுக்கு மச்சான் முறை ஆகிறவர் வீட்டு விசேஷம். வழக்கம்போலச் சந்திரம்மா வரவில்லை; ஹெலனும் வரவில்லை. பகல் சாப்பாடு முடிந்ததும் சாவி கைமாறியது.

“அண்ணாத்த சாவிய குட்த்துட்டாரு, கச்சேரி ஆரம்பம்!” என்று கத்தியவன் கலைவாணன்தான்.

வெயில் தாழ ஆரம்பித்தபோது கிளம்பினார்கள். செங்கல்பட்டு தாண்டி, திருக்கழுக்குன்றம் தாண்டி, கடலோரத்துக்குப் போகும் சாலை. சின்னராசு கறிக்குழம்பில் உப்பு தூக்கலாக இருந்ததைப் பற்றிப் பின்னாலிருந்து பேசிக்கொண்டு வந்தான். எதிரே வந்த ஒரு சுற்றுலா வேன், இண்டிகேட்டர் விளக்குப் போடாமல், கையும் காட்டாமல், குறுக்கே திரும்பிச் சாலையோர ஓட்டலுக்குள் நுழைந்தது. ரெஜினா பிரேக்கை அழுத்தினாள். வண்டி வேனின் வயிற்றில் மோதியது. அவளுடைய வலது கால் நடுவில் சிக்கியது. சின்னராசு மேலே எழும்பி அந்தப் பக்கம் விழுந்தான். உப்பைப் பற்றியதுதான் அவனுடைய கடைசிப் பேச்சு.

ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடிவந்தவன் கலைவாணன். ரெஜினாவை ஆபரேஷனுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். சின்னராசு மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தான். வண்டியை யார் ஓட்டியது என்று போலீஸ்காரர் கேட்டார். கலைவாணன் யோசித்தான். அண்ணிக்கு லைசென்ஸ் இல்லை. அண்ணனுக்கு இருக்கிறது. அவனைப் பொறுத்தவரை கேள்விக்குப் பதில் அதிலேயே இருந்தது.

“எங்க அண்ணன்தான் சார்.”

“ஹெல்மெட்டு அந்தம்மா தலையில இருந்துச்சாமே?”

“அண்ணனுக்கு அண்ணி மேல உசுரு சார்.”

போலீஸ்காரர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஒரு ஆணும் ஒரு பெண்ணும் கியர் பைக்கில் வந்தார்கள் என்றால் யார் ஓட்டியிருப்பார்கள் என்று கேட்டதே அவருக்குக் கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றியிருக்கும். ஸ்டேஷனில் வேன் டிரைவர் ஹேமந்த் மட்டும், “பொம்பளதான் சார் ஓட்டினு வந்துச்சு” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். தப்பு செய்தவன் பேச்சு என்று யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வழக்கில் முதல் நாளே உண்மையைச் சொன்னவன் அவன் ஒருவன்தான்.

ரெஜினா நினைவோடு கண்விழித்தபோது சின்னராசுவை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். முதல் தகவல் அறிக்கையும் எழுதி முடித்திருந்தார்கள். டாக்டர் குறித்திருந்த மது வாடை அதில் ஏறிவிட்டது. ‘மது அருந்திய நிலையில் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து’ என்று சின்னராசு குற்றவாளி ஆனான். குற்றவாளி இறந்துவிட்டதால் வழக்கும் முடிந்தது. கலைவாணன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

“உங்கள காப்பாத்தத்தான் அண்ணி சொன்னேன். வாடைய எழுதுவாங்கன்னு எனக்கு இன்னா தெரியும்? இப்ப மாத்திச் சொன்னா என்ன உள்ள வெச்சிடுவாங்க. பேஜாராயிடும் அண்ணி. காதுகுத்துல இருந்தவங்ககிட்டயும் வாயத் தொறக்காதீங்கன்னு சொல்லிட்டேன்.”

ரெஜினா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்க நினைத்தாள். கால் திரும்ப விடவில்லை.

அவள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சந்திரம்மா அவளை அருகிருந்து பார்த்துக்கொண்டாள். இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போவதை நிறுத்திவிட்டு, காலையும் மாலையும் வெந்நீர் வைத்து மருமகளுடைய காலுக்கு ஒத்தடம் கொடுத்தாள். அத்தனை வருஷங்களில் அந்த இரு பெண்களுக்கும் நடுவே அப்படி ஒரு பிரியம் இருந்ததில்லை. சாதத்தில் கல் இருந்தால்கூடச் சண்டைதான்.

“வுடு அத்த, நானே ஊத்திக்கிறேன்.”

“நீ சும்மா கெட. எம்புள்ள குடிச்சிட்டு உன் கால ஒடச்சிட்டான். பெத்த பாவத்துக்கு நான்தான செய்யணும்.”

ரெஜினா அந்த வெந்நீரைத் தாங்கிக்கொண்டாள். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வரும். சொன்னால் மகனை ஏற்றிக்கொண்டு போய்ச் சாகக் கொடுத்தவளாக அவள் ஆகிவிடுவாள். சொல்லாவிட்டால் பொண்டாட்டியை நொண்டியாக்கிவிட்டுச் செத்த குடிகாரனாக அவன் இருப்பான். குழாயடியில் சந்திரம்மாவைப் பார்த்ததும் பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்கள் என்று தெரிந்தது. கிழவி விடிவதற்குள் போய்த் தண்ணீர் பிடித்து வர ஆரம்பித்தாள். வருஷ நினைவு நாளில் அப்பாவின் படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னபோது ஹெலன் தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“குடிச்சா ஓட்டமாட்டேன்னு என்கிட்ட எத்தினி வாட்டி சொல்லிக்கீறாரு தெரியுமா? அதுவும் பொய்யிதான” என்றாள் ஹெலன்.

மெழுகுவர்த்தியை ரெஜினா ஏற்றினாள்.

வக்கீல் சுப்புராமன் செங்கல்பட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தார். கெட்டவர் இல்லை. விபத்து வழக்குகளில் தலைமுடி நரைத்தவர். வழக்கு விசாரணைக்கு வந்தபோது அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

“எஃப்.ஐ.ஆர்.ல அவர் பேர் இருக்கேன்னு பயப்படாதே. போலீஸ் எழுதினதுதான் முடிவுன்னு இல்ல. யார் மேல தப்புன்னு தீர்ப்பாயம் தனியா விசாரிக்கும். வேன்காரன் குறுக்கே திரும்பினான், அதை நான் பார்த்துக்கறேன். இன்ஷூரன்ஸ்காரா குடியைத்தான் பிடிச்சுத் தொங்குவா. ஓட்டினவர் குடிச்சிருந்தார்னா பாதித் தப்பு அவர் தலையில விழும். தொகையும் பாதியாப் போகும்.”

“சார், வண்டிய ஓட்டினது நானு” என்றாள் ரெஜினா.

சுப்புராமன் பேனாவை மூடினார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இது என் காதுல விழலை.”

“பெரிசா சொல்லட்டுமா சார்?”

“ஏம்மா, புரிஞ்சுதான் பேசறியா? மூணு வருஷமா எல்லாக் காகிதத்திலயும் அவர்தான் ஓட்டினார். நீயே சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கே. இப்போ மாத்தினா மொத்தக் கதையும் பொய்னு ஜட்ஜ் தள்ளிட்டா? உன் பொண்ணு படிப்பு, உன் காலுக்கு இன்னொரு ஆபரேஷன், அந்தக் கெழவிக்குக் கஞ்சி, எல்லாம் இதுலதான் இருக்கு. லைசென்ஸ் இல்லாம ஓட்டினதுக்கு உன் மேல கேஸ் வேற வரும்.”

“பின்னாடி குந்தினு வந்தவரு மேல எப்பிடி சார் தப்பு வரும்?”

சுப்புராமன் பேனாவை மறுபடி திறந்தார். “சட்டப்படி வராது. பின்னாடி உட்கார்ந்தவர் குடிச்சிருந்தா என்ன, தூங்கியிருந்தா என்ன. ஆனா சட்டம் வேற, கேஸ் வேற.”

பிறகு அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் ஒவ்வொன்றையும் ‘என்றால் சரிதானே’ என்று முடிப்பார். சாட்சி ‘சரி’ என்றோ ‘சரியல்ல’ என்றோ சொன்னால் போதும். முதலில் வரும் கேள்விகள் சாதாரணமானவை: பெயர், ஊர், வண்டியைக் கணவர் ஓட்டினார் என்பது. அவற்றுக்குச் சரி. குடி, வேகம் என்று ஆரம்பித்தால் எல்லாவற்றுக்கும் சரியல்ல. நியாயமாக வரவேண்டிய தொகையை வாங்க இரண்டே பொய்கள்: அவன் ஓட்டினான், அவன் குடிக்கவில்லை. இரண்டும் மனப்பாடம் செய்ய எளியவை.

விசாரணை அன்று சந்திரம்மாவும் வந்தாள். மகன் சாவுக்கான மனுவில் அவளும் ஒரு மனுதாரர். நல்ல புடவை கட்டிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக வந்திருந்த வக்கீல் சஹானா இளம்பெண்; குரலை உயர்த்தாதவள். ரெஜினா ஊன்றுகோலைக் கூண்டில் சாய்த்துவிட்டு நின்றாள்.

“உங்கள் பெயர் ரெஜினா என்றால் சரிதானே?”

“சரி.”

“நீங்களும் உங்கள் கணவரும் சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பினீர்கள் என்றால் சரிதானே?”

“சரி.”

“வண்டியை உங்கள் கணவர் ஓட்டினார், நீங்கள் பின்னால் உட்கார்ந்திருந்தீர்கள் என்றால் சரிதானே?”

“சரியல்ல.”

சஹானா அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். “விசேஷத்தில் அவர்…” என்று ஆரம்பித்து நின்றாள். தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் கையை எடுத்தாள். சுப்புராமன் கண்ணை மூடிக்கொண்டார். பல்வலி வந்தவர்போல இருந்தது.

“என்ன சொன்னீங்க?” என்று நீதிபதி கேட்டார்.

“சரியல்லன்னு சொன்னேன்யா.”

“அப்போ யார் ஓட்டினது?”

“நானு. அவரு பின்னாடி குந்தினு வந்தாரு.”

“உங்க பிரமாணப் பத்திரத்துல வேற மாதிரி இருக்கே. கையெழுத்து உங்களோடதுதானே?”

“கையெழுத்து என்னுதுதான். தப்பான பேப்பர்ல போட்டுட்டேன்யா.”

“பொய் சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா?”

“இம்மா நாளு சொல்லினு இருந்தனே, இன்னா ஆச்சின்னு பாத்துகினுதான கீறேன்.”

நீதிபதி சஹானாவைத் தொடரச் சொன்னார். சஹானா தன் கையிலிருந்த ஆயுதத்தையே மறுபடி எடுத்தாள். அவளிடம் வேறு இல்லை.

“உங்கள் கணவர் அன்று மது அருந்தியிருந்தார் என்றால் சரிதானே?”

சுப்புராமன் கண்ணைத் திறந்தார்.

“சரி” என்றாள் ரெஜினா. “குடிச்சிருந்தாரு. அதனாலதான் சாவிய என்கிட்ட குட்த்தாரு. குடிச்சா வண்டியத் தொடமாட்டாரு. காதுகுத்துல இருந்தவங்க அத்தினி பேரும் பாத்தாங்க. அவரு தம்பி பாத்தாரு. அந்த வேன்காரரக் கூப்புட்டுக் கேளுங்க, அவரும் பாத்தாரு.”

“உங்களுக்கு லைசென்ஸ் இல்லை என்றால் சரிதானே?”

“சரி.”

தட்டச்சு மறுபடி ஓட ஆரம்பித்தது. ரெஜினா கடைசி பெஞ்சுப் பக்கம் பார்க்கவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் சஹானா சுப்புராமனிடம் வந்தாள். “எங்க டிரைவர் ஹேமந்தும் இதத்தான் சார் சொன்னார். நாங்கதான் நம்பல. குடிச்ச ஆம்பளைங்கறது எங்களுக்கு வசதியா இருந்தது.”

“எங்களுக்கும் அப்படித்தான் இருந்துதும்மா” என்றார் சுப்புராமன்.

திரும்பும் பஸ்ஸில் சந்திரம்மா ரெஜினாவின் பக்கத்தில் உட்காரவில்லை. முன்சீட்டில் போய் உட்கார்ந்தாள். திருக்கழுக்குன்றத்தில் பக்கத்து இடம் காலியானபோதும் எழுந்து வரவில்லை. காலனி முனையில் இருவரும் இறங்கினார்கள். பஸ் போன பிறகு சந்திரம்மா அங்கேயே நின்றாள்.

“இங்கயா?”

“இங்கதான் அத்த. இங்க எறங்கி, தள்ளிக்கினு வருவாரு.”

“பெட்ரோலு?”

“ஒருநாளும் தீரல.”

சந்திரம்மா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணல் லாரி ஒன்று போய்த் தூசி அடங்கியது. மகன் எத்தனையோ தடவை வியர்க்க விறுவிறுக்க வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்ததையும், தான் வாசலில் நின்று கேட்டதையும் நினைத்தாளோ என்னவோ.

“குடிச்சிட்டு வண்டியத் தொடல.”

“தொடல அத்த.”

“நீதான இட்டுகினு போன?”

“ஆமா.”

“பத்திரமா இட்டாந்திருக்கக் கூடாதா, ரெஜினா?”

பெயர் சொல்லி அவள் கூப்பிட்டதே அபூர்வம். கிழவி முன்னால் நடந்து போய்விட்டாள். ஊன்றுகோலோடு ரெஜினா பின்னால் போனாள்.

அன்று மாலை வெந்நீர் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. சந்திரம்மா கொட்டகைக்கு இறால் உரிக்கப் போக ஆரம்பித்தாள். ஆனால் தண்ணீருக்கு விடியுமுன் போவதை நிறுத்திவிட்டாள். கூட்டம் நிறைந்த நேரம் பார்த்துக் குடத்தோடு போய் நின்றாள். “எம்புள்ள குடிச்சிட்டு வண்டியத் தொட்டதில்ல. தெரிஞ்சிக்கோங்கடி. கோர்ட்டுல எம்மருமவ சொல்லிக்கீறா, பேப்பர்ல ஏறிக்கீது” என்று குழாயடியில் எல்லார் காதிலும் விழச் சொன்னாள். அந்த மருமகளிடம் மட்டும் பல மாதங்கள் பேசவில்லை. வெளியே அவளைச் சாட்சிக்கு இழுத்தாள், வீட்டுக்குள் அவளுக்கு முகம் கொடுக்கவில்லை. இரண்டையும் முழு மனசோடு செய்தாள்.

கலைவாணனும் பேச்சை நிறுத்தினான். ஆனால் கோர்ட்டு மறுபடி கூப்பிட்டபோது வந்து, சாவி கொடுத்ததைப் பார்த்தேன் என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டுப் போனான். ஹேமந்தும் வந்தான். பைக்கைப் பெண்தான் ஓட்டினாள் என்றான். “வேகமா வந்தாங்களா?” என்று சுப்புராமன் கேட்டார். “இல்ல சார். ரொம்ப ஸ்லோவா வந்தாங்க. அதான் அதுக்குள்ள திரும்பிடலாம்னு நெனச்சேன்” என்றான். வழக்கு அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

விளக்குப் போடாமல் குறுக்கே திரும்பியதுதான் விபத்துக்குக் காரணம் என்று தீர்ப்பாயம் சொன்னது. உரிமம் இல்லை என்பதாலேயே ஓட்டியவர் மேல் தப்பு வந்துவிடாது. எப்படி ஓட்டினார் என்பதுதான் கேள்வி. பின்னால் உட்கார்ந்திருந்தவர் குடித்திருந்தது விபத்துக்குக் காரணம் ஆகாது. அவர் தலைக்கவசம் போடாததற்காக மட்டும் ஒரு சிறு பங்கைக் குறைத்தார்கள். உரிமம் இல்லாமல் ஓட்டியதற்கு வழக்குப் போடும் கெடு எப்போதோ முடிந்திருந்தது. அவளைப் பயமுறுத்திய அன்று சுப்புராமன் அதைக் கணக்குப் பார்த்திருக்கவில்லை.

தீர்ப்பின் நகலை ஹெலன் மேசைமேல் வைத்து வரிவரியாகப் படித்தாள். படித்து முடித்ததும் எழுந்து போய் அப்பாவின் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினாள். நினைவு நாளுக்கு இன்னும் நாள் இருந்தது. சந்திரம்மா அடுப்படியிலிருந்து அதைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, யாரிடம் என்றில்லாமல், “சுடுதண்ணி காஞ்சிக்கீது. வேணும்னா கால்ல ஊத்திக்கலாம்” என்றாள்.

தீர்ப்பிலும் ரெஜினா இல்லத்தரசிதான். அதைத் திருத்த யாரும் மனுப் போடவில்லை. மற்றதைத் திருத்தியிருந்தார்கள்.

அன்று சின்னராசு சாவியைக் கொடுத்தான். ரெஜினா அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். திரும்பும்போது அவள்தான் வண்டியை ஓட்டினாள்.